பழகிப்போன உடம்பு என்றொரு பொய்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் உடல் நோவைப்பற்றி மூன்று கூற்றுக்கள் இந்நாட்டிலே நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. "அவர்களுக்கு அது பழகிப்போன உடம்பு" என்பது முதலாவது. "வேலைக்குக் கள்ளமடித்துவிட்டு நோவென்று நடிக்கிறார்கள்" என்பது இரண்டாவது. "வலியைப் பொறுத்து நாட்டுக்குப் பொன் கொழிக்கச் செய்யும் பொறுமையின் சிகரங்கள்" என்பது மூன்றாவது. இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் படம்பிடிக்க வண்டியை நிறுத்துகின்ற பிரயாணி, மேலே மலைச்சரிவில் வரிசையாகத் தெரியும் கூடைகளைப் பார்த்து முதற்கூற்றைச் சொல்கிறார். இரண்டாவது கூற்று தோட்ட அலுவலகங்களிலும், சில வேளைகளில் வைத்தியசாலை விறாந்தைகளிலும் கேட்கிறது. மூன்றாவதைச் சொல்பவர்கள் நாமே. நமது கவியரங்குகளும் பட்டிமன்றங்களும் சிறப்பு மலர்களும் அதனைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் பெற்றுள்ளன.

முதலாவது அறியாமையாற் பிறந்தது. இரண்டாவது வன்மத்தாற் பிறந்தது. மூன்றாவதோ அன்பினாற் பிறந்ததென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இம்மூன்றும் ஒரே பொய்யின் மூன்று வடிவங்களே. அந்த மக்களின் நோவு மற்றையோரின் நோவைப் போன்றதன்று, எனவே அதற்கு மருந்து தேடவேண்டிய அவசரம் இல்லை என்பதே மூன்றின் உட்கருத்துமாகும். இப்பொய் மனிதத்தன்மையற்றது என்பதை எவரும் ஒப்புவர். அது விஞ்ஞானத்துக்கும் முரணானது என்பதையும், நோவைக் கூட்டவல்லது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைப்பீட மாணவனுக்கு மூளையிலும் முண்ணாணிலும் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நோவைத் தராசில் நிறுக்கவோ கதிர்ப்படத்திற் பிடிக்கவோ இயலாது. நோவுற்றவரின் சொல்லே இன்றும் அதனை அறியும் தலையாய வழி. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975ஆம் ஆண்டில் நோவை அளப்பதற்கென ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். அதன் அளவுகோல்களாக அவர் வைத்தவை 78 சொற்கள். குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா, தெறிக்கிறதா என்று நோயாளியின் வாய்மொழியைக் கொண்டே அவர் நோவின் தன்மையை வகுத்தார். மருத்துவமே சொல்லை நாடி வந்திருக்கும்போது, சொல்லைக் கற்பவர்கள் ஒதுங்கி நிற்பது தகுமா?

நோவும் அதன் மாற்றும்

நோவு உடலில் எவ்வாறு எழுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். தசையோ மூட்டோ ஊறுபடும்போது அங்குள்ள நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. அச்செய்தி முதுகெலும்பினுள் இருக்கும் முண்ணாணை அடைந்து, அங்கே அடுத்த நரம்புக்கலத்துக்குக் கையளிக்கப்படுகின்றது. கையளிக்கும் பணியைச் செய்பவை சில இரசாயனப் பொருள்கள். அவற்றுள் ஒரு வகையின நரம்புப் பெப்ரைட்டுக்கள், அதாவது சில அமினோ அமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பட்ட சிறு சங்கிலிகள். 1931ஆம் ஆண்டில் வொன் ஒய்லரும் கடமும் இலண்டனிற் கண்டறிந்த 'பதார்த்தம் பி' இவற்றுள் ஒன்று. அது 11 அமினோ அமிலங்களால் ஆனது என்பது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தே தெரியவந்தது. ஒவ்வொரு பெப்ரைட்டுக்கும், அடுத்த கலத்தின் மேற்பரப்பில் அதற்கெனப் பொருந்தும் 'வாங்கி' ஒன்று உண்டு. பூட்டிற் சாவி நுழைந்தாற்போல அது பொருந்தியதும் செய்தி மேலே மூளை நோக்கிச் செல்கின்றது.

நோவைக் கடத்தும் இந்த ஒழுங்கோடு, நோவைத் தணிக்கும் ஒழுங்கும் உடலிலேயே அமைந்துள்ளது. அபின் நோவைத் தணிப்பதை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தனர். அபினின் சாரமாகிய மோர்பினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் மூளையில் இருப்பதை 1973இல் அமெரிக்காவிலும் சுவீடனிலும் மூன்று ஆய்வுக்குழுக்கள் வெவ்வேறாக நிறுவின. ஒரு செடியின் பாலுக்கென்று மூளை ஏன் வாங்கி வைத்திருக்கவேண்டும் என்ற வினா அதனால் எழுந்தது. 1975இல் ஸ்கொத்லாந்தின் அபடீனில் ஜோன் ஹியூசும் ஹான்ஸ் கொஸ்ரலிற்சும் அதற்கு விடை கண்டனர். பன்றியின் மூளையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த என்கெபலின் என்னும் பெப்ரைட்டு, ஐந்தே அமினோ அமிலங்களைக் கொண்டு மோர்பினின் தொழிலைச் செய்தது. எண்டோர்பின், டைனோர்பின் என்பனவும் பின்னர் அறியப்பட்டன. மியூ, டெல்ற்றா, கப்பா எனக் கிரேக்க எழுத்துக்களாற் குறிக்கப்படும் வாங்கிகளில் இவை சென்று பொருந்துகின்றன. மியூ வாங்கி தூண்டப்பட்டால் நரம்பு நுனியிலுள்ள கல்சிய வாயில்கள் அடைபடும். பதார்த்தம் பி முதலியன வெளிவருவது குறையும். நோவின் செய்தி வழியிலேயே மங்கும். வெளியிலிருந்து கொடுக்கப்படும் மோர்பினும் இதே வாங்கியின் வழியாகவே தொழிற்படுகின்றது.

இந்த வாங்கிகள் தோட்டத்து உடலிலும் துரை பங்களாவின் உடலிலும் ஒரே விதமாகத் தொழிற்படுபவை. தனி மனிதருக்கிடையே வேறுபாடு உண்டென்பது மெய்யே. மியூ வாங்கியை ஆக்கும் பரம்பரை அலகில் ஓர் எழுத்து மாறிய வடிவம், ஐரோப்பியரிடையே காண்பதைவிட ஆசிய மக்களிடையே பரவலாக உள்ளது. அதனைக் கொண்டவர்களுக்கு மோர்பின் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் எனச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆகவே ஒருவருக்குப் போதிய அளவு மற்றொருவருக்குப் போதாமற் போகலாம். போதாது என்று சொல்பவரைக் கோழையென்றோ கள்ளரென்றோ கணிப்பதற்கு இதில் இடமில்லை.

பழக்கம் என்னும் கற்பனை

"பழகிப்போன உடம்பு" என்பார் தமது கட்சிக்கு ஒரு சான்று காட்டக்கூடும். இரண்டாம் உலகப் போரிலே படுகாயமுற்ற வீரர்களுட் பலர் நோவு மருந்து வேண்டாமென்று சொன்னதை அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதினார். நெருக்கடியான வேளையில் உடலின் சொந்த மோர்பின்கள் வெளிப்பட்டு நோவை மறைக்கும் என்பது இன்று தெளிவாகியுள்ளது. மலையில் நிற்கும்வரை தெரியாத இடுப்பு நோவு, இரவில் லயத்துக்கு வந்து படுத்ததும் விண்விண்ணென்று தெறிப்பதைத் தொழிலாளர் சொல்லக் கேட்டவர் பலர். இது தற்காலிகமான மறைப்பே. கடன் வாங்கியவன் செல்வன் ஆகாததுபோல, வேலை முடியும்வரை நோவை அறியாதிருப்பவரும் நோவற்றவர் ஆகார்.

திரும்பத் திரும்ப ஊறுபடும் உடலில் நடப்பது பழக்கத்துக்கு நேர்மாறானது. 1983இல் கிளிபர்ட் வூல்ப் வெளியிட்ட ஆய்வொன்று, ஊறு பற்றிய செய்திகள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால் முண்ணாணின் நரம்புக்கலங்கள் மேலும் கூருணர்வு பெறுவதைக் காட்டியது. பதார்த்தம் பி முதலிய பெப்ரைட்டுக்கள் இம்மாற்றத்திற் பங்குகொள்கின்றன. முன்பு நோவாகத் தோன்றாத தொடுகையும் அப்போது நோவாகும். சிறு நோவு பெருநோவாகும். காயம் ஆறிய பின்னும் நோவு ஆறாதிருக்கும். தலையிலே கயிறு மாட்டி, முதுகிலே கூடை தொங்க, இடுப்பிலே படங்கு சுற்றி, மழையிலும் அட்டைக்கடியிலும் செங்குத்தான மலையில் நிரை பிடித்து நின்று, பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ என விதிக்கப்பட்ட கொழுந்தைப் பறிக்கவேண்டியவளின் கழுத்தும் தோளும் இடுப்பும் இருபது ஆண்டுகளிற் பழகிப்போவதில்லை. அவளுடைய நரம்புகள் நோவைக் கற்றுக்கொள்கின்றன. கற்றதை எளிதில் மறப்பதுமில்லை.

அவள் பெனடோலையும் சித்தாலேபையையும் கொண்டு இரவைக் கழிக்கிறாள். ஆண்கள் சிலர் சாராயத்தையும் கசிப்பையும் நாடுகின்றனர். தோட்ட மக்களின் குடியைப்பற்றிப் போதிக்காதவர் இந்நாட்டில் இல்லை. மதுவும் மூளையில் எண்டோர்பினை வெளிப்படுத்துகின்றது. மியூ வாங்கியை அடைக்கும் நல்ட்ரெக்சோன் என்னும் மருந்து குடிப்பழக்கத்துக்கு வழங்கப்படுவதும் இக்காரணத்தாலேயே. குடிக்கு வறுமை, விளம்பரம், விரக்தி எனக் காரணங்கள் பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மதுவிலக்குப் போதகர்களுள் எத்தனைபேர், "உனக்கு எங்கே நோகிறது?" என்று முதலிற் கேட்டிருக்கிறார்கள்?

நம்பாமை செய்யும் வேலை

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோன் லெவின், நியூட்டன் கோர்டன், ஹவார்ட் பீல்ட்ஸ் ஆகிய மூவரும் பல் பிடுங்கப்பட்ட நோயாளரிடையே ஓர் ஆய்வை நடத்தினர். மருந்தென நம்பி வெற்றுநீர் ஏற்றிக்கொண்ட சிலருக்கு நோவு தணிந்தது. ஓபியொயிட்டு வாங்கிகளை அடைக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அத்தணிவு குறைந்துபோயிற்று. நம்பிக்கையினால் விளைந்த ஆறுதல் உடலின் சொந்தப் பெப்ரைட்டுக்கள் வழியே வந்தது என்பதற்கு இது சான்றாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொலிசிஸ்ரோகைனின் என்னும் பெப்ரைட்டு முதலிற் குடலிற் கண்டறியப்பட்டது. மூளையிலும் முண்ணாணிலும் இருப்பது. மோர்பினின் நோவு தணிக்கும் ஆற்றலை அது எதிர்க்கிறது என்பது 1980களில் விலங்காய்வுகளால் நிறுவப்பட்டது. 1990களில் இத்தாலியின் துரின் நகரிற் பப்ரிசியோ பெனடெற்றியும் அவருடைய குழுவினரும் மேலும் ஒரு படி சென்றனர். சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம், கொடுக்கப்படும் பொருள் நோவைக் கூட்டும் என்று சொல்லி வெறும் உப்புநீரைக் கொடுத்தபோது நோவு கூடியது. கொலிசிஸ்ரோகைனினின் வாங்கிகளை அடைக்கும் மருந்து அக்கூடுதலைத் தடுத்தது. அச்சமூட்டும் ஒரு சொல், பெப்ரைட்டு ஒன்றின் வழியாக உடலிலே நோவாக மாறியது.

இவ்வாய்வுகளிலிருந்து தோட்டத்து மருந்தகத்துக்கு ஒரே எட்டில் தாவிவிடலாகாது என்பதை அறிவேன். எனினும் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. நோவோடு வருபவரை நோக்கி "நடிப்பு" என்பதும், "அரைப்பேர்தான் போடுவோம்" என்று அச்சுறுத்துவதும், அவர் மொழி அறியாத ஒருவர் அவரை முறைத்துப் பார்ப்பதும் அச்சத்தையும் பதைப்பையும் உண்டாக்குவன. அச்சமும் பதைப்பும் நோவு தணிக்கும் ஒழுங்குக்கு எதிராக நிற்பன. அப்படியாயின் அவநம்பிக்கை வெறும் மரியாதைக் குறைவோடு முடிந்துவிடுவதில்லை. அது நோவின் காரணங்களுள் ஒன்றாகவே ஆகிவிடுகின்றது.

நம்பப்படாதோரின் வரலாறு நீளமானது. சிசுக்கள் நோவை உணரா என்று கருதி, போதிய மயக்கமருந்தின்றி அவற்றைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தும் வழக்கம் 1980கள் வரை மேலைநாடுகளிலேயே இருந்தது. 1987இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து ஆனந்த் என்னும் வைத்தியரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதனை அசைத்தது. 2016இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று, வெள்ளையின மருத்துவ மாணவருள்ளும் பயிற்சி வைத்தியருள்ளும் ஏறக்குறைய அரைவாசிப்பேர், கறுப்பின மக்களின் தோல் தடித்தது என்பதுபோன்ற பொய்களுள் ஒன்றையேனும் உண்மையென நம்பியதைக் காட்டியது. அவ்வாறு நம்பியோர் அம்மக்களின் நோவைக் குறைத்தும் மதித்தனர். எங்கெல்லாம் ஒரு மக்கட்கூட்டத்தின் சொல் செல்லாக்காசாக்கப்படுகிறதோ அங்கெல்லாம் அவர்களின் உடம்பு "தடித்த உடம்பு" ஆகிவிடுகிறது.

நமது மலைகளிலும் இதுவே வரலாறு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென்று 1912ஆம் ஆண்டிலேயே 'மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம்' வந்துவிட்டது. அக்காலத்து அரசும் தோட்டமுதலாளிகளும் நோயாளியைத் தொழிலாளியாகத் திருப்பி அனுப்புவதையே மருத்துவத்தின் பயனாகக் கருதினர் எனலாம். அக்கருத்து இன்னும் முற்றாக மறையவில்லை. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத்திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதோடு, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபா ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. சம்பள உயர்வு நியாயமானது. அதற்காகப் போராடியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் வருகைக்கென்று தனிப்பணம் வைக்கும்போது நோவுக்கும் ஒரு விலை விதிக்கப்படுகின்றது. இடுப்பு நோகும் நாளில் ஓய்வெடுப்பவள் சம்பளத்தோடு ஊக்கத்தையும் இழக்கிறாள். ஓய்வே மருந்தாகும் நோவுக்கு இது எவ்வகை நீதி?

மோர்பினை யார் மறுக்கிறார்கள்?

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். தோட்டத்து இடுப்பு நோவுக்கெல்லாம் மோர்பின் கொடுக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. நாட்பட்ட நோவுக்கு அதனை நீண்டகாலம் கொடுத்தால் வாங்கிகள் தளர்ந்து மருந்தின் வலு குறையும், அளவு ஏறும், சிலருக்கு மருந்தே நோவின் கூருணர்வை வளர்க்கும், அடிமைத்தனமும் நேரலாம். 1996இல் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் என்னும் மாத்திரையை அதன் ஆபத்தை மறைத்து விற்றதால் அமெரிக்காவில் விளைந்த நாசம் உலகறிந்தது. உழைப்பால் வந்த நோவுக்கு உழைப்பின் ஒழுங்கிலேயே பரிகாரம் தேடவேண்டும். கூடையின் பாரம் குறையவேண்டும். இடையிடையே ஓய்வு வேண்டும். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வேண்டும். தோட்டத்துக்குக் கிட்டவே இயன்மருத்துவம் கிடைக்கவேண்டும்.

புற்றுநோயின் இறுதிக்காலத்து நோவு வேறு. அதற்கு மோர்பின் இன்றியமையாதது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. அவ்வாறிருந்தும் 2017இல் வெளிவந்த லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, ஆண்டுதோறும் உலகில் பகிரப்படும் ஏறத்தாழ 298.5 தொன் மோர்பின்வகை மருந்துகளில் மிக வறிய நாடுகளுக்குச் சென்றது 0.1 தொன் மட்டுமே எனக் கணக்கிட்டது. ஒருபுறம் வெள்ளம், மறுபுறம் வறட்சி. வெள்ளத்தைக் காட்டி வறட்சியை நியாயப்படுத்துவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

சட்டத்தின் பெயரால் நோவு வளர்ந்த கதையை அயலிலேயே காணலாம். சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாடாகிய இந்தியா 1985இல் கடுமையான போதைப்பொருட் சட்டத்தை இயற்றியது. தண்டனைக்கும் அனுமதிப்பத்திரச் சிக்கலுக்கும் அஞ்சிய வைத்தியசாலைகள் மோர்பினைக் கைவிட்டன. ஆண்டுக்குச் சில நூறு கிலோவாக இருந்த பயன்பாடு 1997இல் ஏறத்தாழ 18 கிலோவாகச் சுருங்கியது. அதே இந்தியாவில், கோழிக்கோட்டில் 1993இல் டொக்டர் எம். ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய சங்கம் வழிகாட்டியது. அங்கே அயலவர்களும் மாணவர்களும் தொண்டர்களாகப் பயின்று நோயாளியின் வீட்டுக்கே சென்றனர். வாயால் உட்கொள்ளும் மோர்பின் மலிவாக வழங்கப்பட்டது. 2008இல் கேரள அரசு அதனை மாநிலக் கொள்கையாக ஏற்றது. 2014இல் இந்தியச் சட்டமும் திருத்தப்பட்டது.

இலங்கையிலே 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டத்துக்கு 1984இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஹெரோயினோடு மோர்பினையும் சேர்த்து, கடத்தலுக்கு மரண தண்டனைவரை விதித்தது. மருத்துவப் பயன்பாட்டை அச்சட்டம் தடைசெய்யவில்லை. ஆயினும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்ட பெயர் ஒரே அச்சத்தையும் தேடிக்கொள்கிறது. நோவாற்றுப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரையான தேசியத் திட்டச்சட்டகம் ஒன்று வகுக்கப்பட்டது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே நாடு கையேந்தியது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் இறம்பொடைக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதை கிடக்கிறது. இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவரைப் பேருந்தில் ஏற்றி அத்தூரம் கொண்டுசெல்வது மருத்துவம் ஆகாது. மருந்தும் பயின்ற தாதியும் லயத்து வாசலுக்கு வரவேண்டும். கோழிக்கோட்டில் இயன்றது கொத்மலையில் ஏன் இயலாது?

நாம் செய்யவேண்டியது

1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் நோவை விளக்கும் தமிழ் வைத்தியசாலைக் கட்டிலின் அருகே இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. உளைச்சல், குடைச்சல், கடுப்பு, எரிவு, குத்தல், இழுவை, மதமதப்பு, சுளுக்கு, விறைப்பு, தெறிப்பு என நம் மக்களிடம் நோவுக்கு எத்தனை சொற்கள்! இவை ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்லத்தக்கன அல்ல. எரிவும் மதமதப்பும் மின்னல்போன்ற தெறிப்பும் நரம்பே ஊறுபட்டதைச் சுட்டலாம். அத்தகைய நோவு மோர்பினுக்கும் எளிதில் அடங்காது, வேறு மருந்து வேண்டும். உளைச்சலும் இழுவையும் தசையைச் சுட்டலாம். இவையனைத்தும் 'நோவு' என்ற ஒரே சொல்லாக மொழிபெயர்க்கப்படும்போது நோய் நிதானிப்பும் பிழைக்கிறது.

ஆகவே நமது தமிழ்ச் சங்கத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னர், மலையக மக்களின் நோவுச்சொற்களைத் தோட்டந்தோட்டமாகச் சென்று தொகுப்போம். அச்சொல்லைச் சொல்வோர் எதனை உணர்கின்றனர், உடலின் எப்பகுதியில், எந்த வேலையின்பின் உணர்கின்றனர் என்று குறித்துக்கொள்வோம். மருத்துவபீட நண்பர்களோடும் சிங்கள மொழித்துறையினரோடும் இருந்து அவற்றுக்கு விளக்கம் எழுதி, மலையக வைத்தியசாலைகளுக்குக் கையேடாக வழங்குவோம். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை, செவி தேவை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. வைத்தியர் அவருக்குப் பின்னரே வருகிறார். நோவு பற்றிய அனைத்துலக ஆய்வுச் சங்கம் 2020இல் தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, நோவென்று ஒருவர் சொல்வது மதிக்கப்படவேண்டும் என்பதனை அதன் குறிப்புக்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பழந்தமிழும் புதுவிஞ்ஞானமும் உடன்படுகின்ற இவ்விடத்தில் நம்முடைய மேடைகள் மட்டும் ஏன் பின்தங்கி நிற்கவேண்டும்?

தோட்டத்துப் பெண்ணைப் பொறுமையின் சிகரம் என்று பாடுவதை இனி விடுவோம். அவள் பொறுத்தது வேறு வழியின்மையால். அதனை அணியாக்கி அவளுக்குச் சூட்டுவது, கூடையிலே மேலும் ஒரு கல்லை வைப்பதற்கு ஒப்பாகும். நோகிறது என்று அவள் சொன்னால் நோகிறது. அதனை நம்புவதிலிருந்துதான் மருத்துவமும் தொழிற்சட்டமும் நமது இலக்கியமும் தொடங்கவேண்டும்.